துரை முனியின் குதிரை

பள்ளியில் எனக்குச் சிரிக்க வைக்கிற டீச்சர் என்று பெயர். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்கு ஐரோப்பிய வரலாறு எடுக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்த நாடு எதனோடு கூட்டுச் சேர்ந்தது, எந்த உடன்படிக்கை எப்போது கிழிந்தது என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் மதியச் சூட்டில் பின்வரிசை மொத்தமும் மேசையில் கவிழ்ந்துவிடும். அதனால் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்த கேலிச்சித்திரங்களைத் திரையில் போட்டுக் காட்டுவேன். ஐரோப்பாவின் வரைபடத்தைத் தட்டில் வைத்து வாளால் அறுத்துத் தின்கிற தளபதி. எல்லைக்கோட்டைக் கட்டமாக்கிப் பாண்டி ஆடுகிற இரண்டு மன்னர்கள். முதுகில் பீரங்கியைச் சுமந்துகொண்டு ஏர் ஓட்டுகிற உழவன், அவன் நடை சரியில்லை என்று விரல் நீட்டுகிற அதிகாரி. பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்த பாடம் மறக்காது.

இதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. அந்த மீசைகளும் பதக்கங்களும் எப்போதோ செத்துப்போனவர்களுடையவை. யாரும் வந்து சண்டைக்கு நிற்கப் போவதில்லை. பட்டாளம், அணிவகுப்பு, பூட்ஸ் சத்தம் எதுவுமே எனக்கு ஆகாது. அதை உள்ளூரில் சொன்னால் வம்பு. ஐரோப்பாவை வைத்துச் சொன்னால் அது பாடம்.

வீட்டிலும் இதே கதைதான். மலாக்காவில், புக்கிட் காத்திலில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே அப்படிப்பட்ட மூன்று படங்களை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். என் மகன், எங்களுக்கு ஒரே பிள்ளை, அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் சோறு தின்று வளர்ந்தான். எந்தத் தளபதிக்குத் தொப்பை பெரிது என்று சின்ன வயதில் கரண்டியால் அளந்து பார்ப்பான். நல்ல பிள்ளை வளர்க்கிறேன் என்று எனக்குப் பெருமை தாங்காது.

என் கணவருடைய அண்ணன் ஒருவர் இருக்கிறார். மகன் பிறந்ததிலிருந்து நாங்கள் எல்லோருமே அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் ராணுவத்தில் இருந்து கோப்ரலாக ஓய்வு பெற்றவர். இளம் வயதில் சயாம் எல்லைக் காட்டில் ஒரு கண்ணிவெடி அவருடைய இடது பாதத்தில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போடுவார். தொலைக்காட்சியில் தேசிய கீதம் வந்தால் சாப்பிடுகிற கையோடு எழுந்து நிற்பார். நான் அவருக்கு வைத்த பெயர் ஜெனரல். அவர் வெறும் கோப்ரல் என்பதுதான் அந்தப் பெயரில் இருந்த காரம். அவர் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகு சொல்வேன். கணவரும் மகனும் சிரிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை, கடலோர உம்பாய்க்குப் போய் மீன் சாப்பிடலாம் என்று கணவர் திடீரென்று கிளம்பினார். காரணமில்லாமல் கடைச் சாப்பாட்டுக்குச் செலவு பண்ணுகிற ஆள் இல்லை அவர். கடல் காற்றில் பிளாஸ்டிக் மேசை விரிப்பு படபடக்க, சுட்ட மீனும் சம்பல் கணவாயும் வந்து இறங்கின. முதல் வாய் வைப்பதற்குள் மகன் ஆரம்பித்தான்.

"அம்மா, எனக்கு ஆர்மியில கேடட் ஆபிசர் கெடச்சிருக்கு."

"எப்ப அப்ளை பண்ணே?"

"அதெல்லாம் முடிஞ்சிருச்சும்மா. இண்டர்வியூ, மெடிக்கல் எல்லாம். ரெண்டு மாசத்துல ரிப்போர்ட் பண்ணணும்."

கணவரைப் பார்த்தேன். அவர் மீன் முள்ளை எடுப்பதில் மூழ்கியிருந்தார். பிறந்ததிலிருந்து மீனைக் கண்டதே இல்லை என்கிற மாதிரி அப்படி ஒரு கவனம். அவருக்கு முன்பே தெரியும். பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும். கடைசியில் தெரிந்துகொண்டவள் பெற்றவள்.

"லெப்ட் ரைட் போடறதுக்கா டிப்ளோமா முடிச்சே?"

"சாதா சோல்ஜர் இல்லம்மா. ஆபிசர் லா."

"ஓ! அப்ப நம்ம வூட்டுச் சொவத்துல மாட்டிருக்கிற ஆளு நீதான். தொப்பதான் இன்னும் வரல. அதுவும் அரசாங்கச் சாப்பாட்டுல வந்துரும்."

எப்போதும் சிரிக்கிறவன் அன்று சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான்.

அதற்குப் பிறகு நான் ஓயவில்லை. காலையில் அவன் ஓடிவிட்டு வந்தால், "எதிரி எந்தப் பக்கம்?" என்பேன். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தபோது, "தல கொஞ்சமாவது இருக்கே, பரவால்ல" என்றேன். அவனைச் சிரிக்க வைத்துவிட்டால் அவன் மனது மாறிவிடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அதுதான்.

இந்த நேரத்தில்தான் காப்புப் பேச்சு எழுந்தது. என் கணவரின் குடும்பம் ஆயர் குரோவுக்குப் போகிற பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தது. இப்போது அங்கே தொழிலாளர் லயங்கள் இல்லை. பாதி எண்ணெய்க்கான செம்பனை, பாதி தாமான் என்கிற புதுக் குடியிருப்பு. ஆனால் செம்பனைக்கு ஓரமாக, ஒரு பலா மரத்தடியில் துத்தநாகக் கூரை போட்ட துரை முனி கோயில் மட்டும் இருக்கிறது. பெரியப்பாதான் விளக்கேற்றுகிறார். அந்தத் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யார் யூனிபார்ம் போட்டாலும், ராணுவமோ போலீஸோ, கிடங்குக் காவலோ, வேலைக்குப் போகிற முன் துரை முனிக்கு முன்னால் காப்புக் கட்ட வேண்டும். பெற்ற தாய்தான் கட்ட வேண்டும். அப்பா கட்டினாலும் பூசாரி கட்டினாலும் அது வெறும் கயிறு.

ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரத் துரை அதற்கு முன்பே ஓடிவிட்டார். காலியாகக் கிடந்த பங்களாவிலிருந்து என் கணவரின் தாத்தா ஒரு படத்தை எடுத்துவந்திருந்தார். மீசையும் சுருட்டுமாகக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற முனி. துரை வீட்டிலேயே நம் சாமியா என்று தோட்டமே அதிசயப்பட்டதாம். தாத்தாவையும் லாரியில் ஏற்றியபோது அவருடைய அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியைக் கிழித்து அவர் கையில் கட்டிவிட்டாள். போனவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மண்ணாகிப்போனார்கள். தாத்தா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்தப் படம் துரை முனி, காப்புக்குத் தாயின் கை.

நான் யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அப்பா மலாக்கா டவுனில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் பேனா பிடித்தவர்கள் உண்டு, யூனிபார்ம் போட்டவர்கள் இல்லை. சுருட்டுப் படைக்கிற சாமியும் இல்லை. கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன். சந்தனமும் புகையும் படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மீசையும் ஒரு குதிரைத் தலையும் தெரிந்தன. கும்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மகன் கிளம்புவதற்குச் சில வாரம் இருக்கையில், படத்தின் சட்டத்தைக் கறையான் அரித்துவிட்டது என்று பெரியப்பா சொல்லி அனுப்பினார். காப்புக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் போனோம். மகன் சருகு கூட்டினான். பெரியப்பா பழைய சட்டத்தைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தார். அண்ணன் தம்பி இருவர் கையிலும் பசை.

"டீச்சர், இதக் கொஞ்சம் புடிங்க. சாமி, பத்தரமா" என்று என்னிடம் நீட்டினார்.

கண்ணாடி இல்லாமல், வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில் அன்றுதான் அதைப் பார்த்தேன். முதலில் சுருட்டைப் பார்த்தேன். அது சுருட்டு இல்லை. வாயில் பிடித்திருந்தது ஒரு குட்டிப் பீரங்கி, முனையில் புகை. தலையில் வேல் என்று இவர்கள் சொல்லிவந்தது உச்சியில் கூர்வைத்த பிரஷ்ய நாட்டுத் தலைக்கவசம். மண்டையோட்டு மாலை என்று கும்பிட்டது மார்பு நிறையப் பதக்கங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மண்டையோடு. அப்புறம் குதிரை. அது குதிரையே இல்லை. சிப்பாய்களை ஒருவன்மேல் ஒருவனாக அடுக்கிக் கட்டிச் செய்த உருவம். நான்கு கால்களும் தோளில் தோள் ஏறி நிற்கிற ஆட்கள். வயிறு முழுக்க மடங்கிக் கிடக்கிற முதுகுகள். பிடரி முடி துப்பாக்கிக் கத்திகள். கீழே அச்செழுத்து ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அதைக் கறையான் தின்றிருந்தது. ஆனால் எனக்கு வரி தேவையில்லை. இதன் அண்ணன் தம்பிகளைத்தான் நான் காலமெல்லாம் திரையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கோயிலுக்கு நடுவில், கையில் சாமியை வைத்துக்கொண்டு.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"இது முனி இல்லங்க. கார்ட்டூன். பட்டாளத்த நக்கல் பண்ணி ஐரோப்பாவுல எவனோ வரஞ்சது. துரை இத பாத்ரூம்ல மாட்டிச் சிரிச்சிக்கிட்டு இருந்துருப்பான். நீங்க மூணு தலைமொறையா தேங்கா ஒடச்சிருக்கிங்க!"

சொன்னதோடு நில்லாமல் கைப்பேசியை எடுத்து அந்தக் காலத்து மற்ற சித்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மகன் துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தான். கணவர் பலா மரத்தைப் பார்த்தார். பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்றால், எனக்கே என் சிரிப்பு சங்கடமாகிவிட்டது.

"யாரப் பாத்து சிரிக்கச் சொல்லி வரஞ்சிருக்கான்?" என்று கேட்டார்.

"மேல ஒக்காந்திருக்கானே, அந்தத் தளபதியப் பாத்துத்தான்."

"கீழ குதிரையா நிக்கறானுங்களே, அவனுங்களப் பாத்து என்னா செய்யணும்?"

நான் இத்தனை ஆண்டு வகுப்பு எடுத்ததில் யாரும் கேட்காத கேள்வி. "பாவப்படணும்" என்றேன்.

"பாவப்படணும்" என்று அவரும் சொன்னார். "ஒருத்தனுக்காவது மூஞ்சி வச்சிருக்கலாம்." பிறகு புதுச் சட்டத்தில் படத்தை வைத்து ஆணி அடிக்க ஆரம்பித்தார்.

காரில் மகன் பேசினான். அவனுக்குக் குரலை உயர்த்தத் தெரியாது. அதுதான் தாங்க முடியவில்லை.

"பெரியப்பா மொகத்தப் பாத்திங்களாம்மா?"

"நான் அவரையா சொன்னேன்? அந்த ஜெனரலத்தானே..."

"எப்பவும் அப்படித்தான் சொல்றிங்க. நம்ம வூட்டுல ஜெனரல் எங்கம்மா இருக்காங்க? பெரியப்பாதான் இருக்காரு. இப்ப நான் இருக்கேன். நீங்க சிரிக்கறது எங்க மேலதான் வுழுது."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் நான் பின்வாங்குகிறவள் இல்லை, இன்னும் ஒரு படி ஏறுகிறவள். "எது எப்படியோ, அந்தப் படத்துக்கு முன்னால நான் காப்புக் கட்ட மாட்டேன். ஒரு நக்கலுக்கு முன்னால நின்னு எம்புள்ளய அனுப்பி வைக்க முடியாது" என்றேன்.

"சரிம்மா. கட்ட வேணாம்" என்றான். அதோடு பேச்சு நின்றது. அவன் எப்படியும் போவான். காப்பு இல்லாமல் போவான், அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாக. கணவர் என்னைத் திட்டவில்லை. தனியாக எழுந்து தனியாகத் தேநீர் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சண்டை கிடையாது.

அந்த வாரம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். இந்தப் படங்களை எல்லாம் பார்த்துச் சனங்கள் சிரித்தார்களே டீச்சர், அப்புறம் போர் நின்றதா என்று. கேலிக்காகக் கேட்கவில்லை, குறிப்பெடுக்கக் கேட்டாள். இல்லை என்றேன். வரைந்தவர்களில் சிலர் அபராதம் கட்டினார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைகளை மூடினார்கள், பட்டாளங்கள் பெருத்துக்கொண்டே போயின. அவ்வளவையும் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த நூற்றாண்டு முடிந்து பெரும்போர் வந்தபோது, தளபதிகளைக் கிண்டலடித்த அதே பத்திரிகைகளில் பல ஒரே நாளில் பக்கம் மாறின. எதிரி நாட்டுக்காரனைப் பன்றியாகவும் குரங்காகவும் வரைந்து, நம் பையன்களே போங்கள் போங்கள் என்றன. இது எனக்குப் புதிதாகத் தெரிந்த செய்தி இல்லை. பாடம் சப்பென்று ஆகிவிடும் என்று எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். அன்றும் தாண்டிப் போனேன். ஆனால் வீட்டுக்கு வந்து மேசைக்கு மேலிருந்த மூன்று படங்களையும் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஒரு நாள் நான் மட்டும் வீட்டில் இருந்தபோது பெரியப்பா வந்தார். அதே இஸ்திரிச் சட்டை. காலைச் சற்று இழுத்து நடந்துவந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். நான் வைத்த காப்பியைத் தொடவில்லை.

"முனிய எறக்கிட்டேன் டீச்சர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எறக்கிட்டிங்கன்னா?"

"படத்த எடுத்து எங்கூட்டு அலமாரில வச்சிட்டேன். அங்க ஒரு சூலம் நட்டுருக்கேன். உங்களுக்கு மனசு ஒப்பாதத வச்சிக் கட்டச் சொல்லக் கூடாதுல்ல. இப்பக் கட்டுவிங்களா? சூலமும் வேணாம்னா, டவுன்ல உங்க அப்பா போற கோயில்ல வச்சிக்கலாம். எந்த சாமின்னு நீங்களே சொல்லுங்க. பையன் வெறுங்கையோட போவக் கூடாது."

இவர் கோபித்திருந்தால் நானும் கோபித்திருப்பேன். தாத்தா காலத்திலிருந்து நின்ற சாமியை எனக்காக இறக்கிவிட்டு வந்து, கட்டுவிங்களா என்று கேட்கிறார். ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு மறைவும் மிச்சமில்லை. படம் இல்லை, ஐரோப்பா இல்லை. அப்போதுதான் வாயிலிருந்து அது வந்தது.

"சாமி எதுவா இருந்தாலும் எனக்கு ஒன்னுதான். அவன் போவக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அதுவரை யாரிடமும் பேசாத ஒன்றைச் சொன்னேன். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அப்பாவின் அக்காள் மகன், எனக்கு அத்தான் முறை, சைக்கிளில் பாண் ரொட்டி வாங்கப் போனவன், வழியில் சுடப்பட்டுக் கிடந்தான். அங்கே இரண்டு பக்கமும் யூனிபார்ம் இருந்தது. எந்தப் பக்கத்துக் குண்டு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா தொலைபேசியை வைக்கவே இல்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லாமல் போன பிறகும் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு யூனிபார்ம் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். ஐரோப்பாவெல்லாம் பிறகு வந்தது.

பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "இத அவங்கிட்ட சொன்னிங்களா?"

"இல்ல."

"தொப்ப வந்துரும்னு மட்டும் சொன்னிங்களா?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். "அவன் என்னா நெனச்சிக்கிட்டு இருக்கான் தெரியுமா? அம்மாவுக்கு நான் ஒரு ஜோக்குன்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பெரிய மனது பண்ணி வந்திருக்கிறார் என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன். அவர் அதோடு நிறுத்தவில்லை. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முன்னால் சாய்ந்தார். அவர் கண்ணில் வேறொரு வெளிச்சம் வந்தது.

"ஆனா ஒன்னு டீச்சர். அவன் என்ன மாதிரி போவல. ஆபிசராப் போறான். நான் சர்வீஸ் பூரா நெத்தில கைய வச்சே நின்னேன். எனக்கு சின்ன வயசுல இருக்கிற பையனுங்களுக்கெல்லாம் சல்யூட் அடிச்சிருக்கேன். நம்ம தோட்டத்துப் பையன் ஒருத்தனுக்கு மத்தவன் சல்யூட் அடிக்கறத நான் சாவறதுக்கு முன்னால பாக்கணும்."

"அதாவது, அவன் குதிரமேல ஏறணும்" என்றேன்.

"ஆமா. ஏறுனா என்னா? எந்நேரமும் நாமளே கீழ நிக்கணுமா?"

அது நியாயமான கேள்வி, ஆனாலும் அதைக் கேட்டபோதுதான் எனக்கு இன்னொரு பயம் வந்தது. அதுவரை என் பயத்தில் மகன் எப்போதும் கீழேதான் இருந்தான், முகமில்லாத அந்த முதுகுகளில் ஒன்றாக. அவன் மேலே உட்காரப் போகிறவன் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. உம்பாயில் அவன் ஆபிசர் என்று சொன்னபோது அதை வைத்து ஒரு ஜோக் அடித்ததோடு சரி. சாகிற இடத்தில் இருப்பான், இல்லாவிட்டால் சாகச் சொல்கிற இடத்தில் இருப்பான். பெற்றவள் எதை வேண்டிக்கொள்வது?

பெரியப்பா எழுந்தபோது சொன்னேன். "சூலம் வேணாம். அந்தப் படத்தையே மாட்டுங்க. கட்டறேன்."

"இப்பத்தானே வேணாம்னிங்க?"

"கட்டித்தான் ஆவணும்னா, உண்மையச் சொல்ற படத்துக்கு முன்னால கட்டறேன். கண்ணாடிய நல்லா தொடச்சி மாட்டுங்க. சந்தனம் பூச வேணாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்று போனார்.

காப்புக்கு நிறைய பேர் வந்துவிட்டார்கள். தாமானில் இருக்கிற பழைய தோட்டத்துக்காரர்கள், கணவரின் சொந்தங்கள், ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நம்ம பையன் ஆபிசராப் போறான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சுருட்டும் கறுப்பு பீர் போத்தலும் எலுமிச்சம்பழமும் படைத்திருந்தது. துடைத்த கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன, பீரங்கி, மண்டையோடு, அடுக்கிய ஆட்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. முனி இன்னைக்கு என்னா தெளிவா இருக்காரு என்று ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரியப்பா கற்பூரம் ஏற்றி மணியை எடுத்தார். மகன் வெள்ளை வேட்டியில் என் முன்னால் வந்து வலது கையை நீட்டினான். மஞ்சள் கயிற்றை அவன் மணிக்கட்டில் சுற்றினேன். மூன்று முடிச்சு. இத்தனை நாள் தள்ளிப்போட்டதை இனியும் தள்ளிப்போட முடியாது என்று முதல் முடிச்சைப் போடும்போதே சொன்னேன். மணிச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது.

"உன்னப் பாத்து நான் சிரிக்கலடா. எனக்குப் பயமா இருக்கு. அன்னைக்கு உம்பாய்லயே பயமாத்தான் இருந்துச்சு."

அவன் தலை குனிந்தபடியே இருந்தான். இரண்டாவது முடிச்சும் விழுந்த பிறகு, உதடு அசையாமல் சொன்னான்.

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு."

நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன். அப்போது அவன் ஆபிசரும் இல்லை, சிப்பாயும் இல்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தான். சொல்லியிருந்தால் கையை இழுத்துக்கொண்டிருப்பான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கைப்பேசிகள் என் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன, பெரியப்பா ஒரு கையில் மணியை ஆட்டியபடியே இன்னொரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் நிமிர்ந்து நின்றார். எதற்கும் வாய் திறக்கிற எனக்கு அப்போது வாய் வரவில்லை. மூன்றாவது முடிச்சையும் போட்டு இறுக்கினேன்.